மயிலைக்கு முன்னால் போன வண்டி

மாட்டுக்கு ரிமோட் கார் வாங்கவென்று மதுரைக்குப் போன மனிதர், எனக்குத் தெரிந்து எங்கள் கண்ணுச்சாமி அண்ணன் ஒருவர்தான். சிரிக்கிறீர்களா? சிரித்துக்கொள்ளுங்கள். நானும் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரித்தவன்தான். அலங்காநல்லூர் சுற்றுவட்டாரத்தில் லோடு ஆட்டோ ஓட்டிப் பிழைக்கிற நான் வைக்கோல், சிமெண்டு மூட்டை, கல்யாணப் பந்தல் சாமான், ஆடு, மாடு என்று ஏற்றாத சரக்கு இல்லை. பொம்மை வாங்குவதற்காக ஒரு சம்சாரியை ஏற்றிக்கொண்டு போனது அதுதான் முதல் தடவை.

அண்ணன் வீடு எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு. அவருக்கும் அன்னக்கொடி மதினிக்கும் ஒரே மகன் செல்வக்குமார். அவனுக்கு ஒரே மாடு மயிலை. சாம்பல் நிறக் காளை, கன்றிலிருந்து அவன் கையால் வளர்ந்தது. ஊரில் யாரையும் அண்டவிடாது. அண்ணன் தவிட்டுத் தண்ணீர் வைக்கப் போனாலே புஸ்ஸென்று சீறும், அவர் வாளியைத் தள்ளிவைத்துவிட்டுப் பின்வாங்கிவிடுவார். செல்வம் மட்டும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க்கு நடப்பான், மயிலை அவன் முதுகை மோந்துகொண்டே பின்னால் போகும். தை மாசத்தில் வாடிவாசலில் சீறிக்கொண்டு வருகிற அதே மாடுதானா இது என்று பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும்.

பங்குனியில் பரவை மார்க்கெட்டுக்கு வெண்டைக்காய் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு பைக்கில் திரும்பும்போது லாரி ஒன்று ஒதுக்கி, செல்வம் ரோட்டோரக் கல்லில் விழுந்தான். உயிர் தங்கிவிட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் தங்கவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு வந்து, களத்தைப் பார்த்த ஜன்னலோரம் இரும்புக் கட்டில் போட்டுப் படுக்கவைத்தார்கள். ஜன்னலுக்கு வெளியே புங்கமரம், மரத்தடியில் மயிலை. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே கிடந்தன, ஒன்றுக்கும் நடை இல்லை.

நடக்காத காளைக்குக் கால் வீங்கும், குளம்பு கெடும், இரை எடுக்காது. ஆவணியில் மயிலைக்கு முட்டி வீங்க ஆரம்பித்தது. வியாபாரிகள் மோப்பம் பிடித்து வரத் தொடங்கினார்கள். அவர்களிடம் போனால் அடிமாடுதான், அது எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வாசலில் நின்று அவர்களிடம் பேசுவதை உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டே இருந்த செல்வம், ஒருநாள் என்னைக் கூப்பிட்டு போனை நீட்டினான்.

"சித்தப்பா, இதப் பாருங்க. நாய் ஒண்ணு ரிமோட் கார் பின்னாடியே ஓடுது பாத்தீங்களா?"

"ஆமா, ஓடுது. வேற சோலி இல்லாத நாயி."

"மயிலை வராதா?"

நான் சிரித்தேன் என்று சொன்னேனே, அப்போதுதான். சிரித்து முடித்துப் பார்த்தால் அவன் சிரிக்கவில்லை.

"கட்டுல்ல கெடந்துக்கிட்டே களத்தச் சுத்தி நடத்திருவேன் சித்தப்பா. அது நடந்தாப் போதும், கால் வத்திரும். அப்பாகிட்டச் சொல்லுங்க, நாஞ் சொன்னா அழுதுருவாரு."

அண்ணன் அழவில்லை, திட்டினார். "ஒனக்குத்தான் கிறுக்குன்னா ஒங்க சித்தப்பனுக்குமா?" என்று துண்டை உதறினார். மறுநாள் காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் வண்டிப் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தக் காரு எங்கடா விக்கிது?"

முதலில் விளக்குத்தூண் பக்கம் பொம்மைக் கடைகளில் ஏறி இறங்கினோம். சிவப்பும் மஞ்சளுமாக, லைட்டும் பாட்டுமாக எத்தனையோ கார். கடைக்காரன் ஒன்றைத் தரையில் விட்டான், விர்ரென்று போய்ச் சுவரில் முட்டிக் கவிழ்ந்தது. "இத மாடு ஒரு மிதி மிதிச்சா?" என்று அண்ணன் கேட்டதும், கடைக்காரன் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டான். வெயில் மண்டையைப் பிளந்தது. தள்ளுவண்டியில் ஆளுக்கொரு டம்ளர் பருத்திப்பால் குடித்தோம். செல்வம் போனில் தேடிப்பிடித்துச் சொன்ன கடை, பைபாஸ் ரோட்டில் ஒரு மாடியில் இருந்தது.

கடையை நடத்தியது மதுவந்தி என்கிற பொண்ணு. முப்பது வயசுக்குள் இருக்கும், கையில் சின்ன ஸ்குரூ டிரைவர், மேஜை முழுக்கப் பிரித்துப்போட்ட வண்டிகள். விஷயத்தைக் கேட்டு அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே எனக்கு அவளைப் பிடித்துப்போனது.

"மாடு என்ன வேகத்துல நடக்கும்ணே?"

"அது நடக்குற வேகந்தான்," என்றார் அண்ணன்.

நான் செல்வத்துக்கு வீடியோ கால் போட்டுக் கொடுத்தேன். அவன் சுவரில் தொங்கிய பந்தயக் காரைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த பிரஷ்லெஸ் மோட்டார் போட்டது, அது எப்படி?" என்றான்.

"அது பறக்கும் தம்பி. வெல கூட. மாடு பாக்குறதுக்குள்ள அது அலங்காநல்லூரத் தாண்டிரும். ஒனக்கு வேகம் வேணாம், இழுக்குற தெம்பு வேணும். பாறை மேல ஏறுறதுக்குன்னு செய்ற வண்டி இருக்கு. நாலு சக்கரமும் இழுக்கும், பைய நடக்கும். சாதா மோட்டாரே போதும். புதுசு வாங்காத. ஒரு காலேஜ் பையன் போட்டுட்டுப் போனது நல்லாருக்கு, அத எடுத்துக்க."

"பேட்டரிக்கா?"

"லிப்போ லேசா இருக்கும், நெறைய நேரம் ஓடும். ஆனா சார்ஜ்ல போட்டுட்டு மறந்தா ஊதிரும், தீப்பிடிக்கும். நீ கட்டுல்ல இருக்க. வேணாம். நிக்கல் பேட்டரி தாரேன், கனந்தான், ஆனா பொறுமையான சாதி. ரெண்டு வச்சுக்க. சார்ஜர்ல மட்டும் மலிவப் பாக்காத."

அண்ணன் அவளிடம் மெதுவாகக் கேட்டார். "ஒடஞ்சுட்டா தூக்கிப் போட்றதாம்மா?"

"பொம்மைக் கடையில வாங்குனா தூக்கித்தான் போடணும். இதுக்கு நட்டுல இருந்து அச்சு வரைக்கும் தனித்தனியாக் கெடைக்கும், கொண்டாங்க, மாத்தித் தாரேன். அப்புறம் இன்னொண்ணு. மலிவு வண்டின்னா சிக்னல் விட்டுப்போனாலும் அதுபாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும், ரோட்டுக்குப் போயிரும், பின்னாடியே மாடும் போயிரும். இது அப்படியில்ல. ரிமோட்டுக்கு எட்டாமப் போச்சுன்னா அந்த எடத்துலயே நின்னுரும்."

"எம்புட்டுத் தூரம் எட்டும்?" இது போனிலிருந்து செல்வம்.

நான்தான் இடத்தைச் சொல்லிக் கணக்குப் பார்த்தேன். வீட்டு ஜன்னலிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் எட்டலாம் என்றாள். களத்துக்கு அது தாராளம். முயல் அளவுக்குக் கனத்த கறுப்பு வண்டியை அண்ணன் மடியில் வைத்துக்கொண்டு, ஊர் வரும்வரை துண்டால் மூடியே வந்தார். யாராவது பார்த்துவிட்டால் மானம் போய்விடுமாம்.

முதல் நாள் கூத்தைக் கேளுங்கள். வெறும் வண்டியைக் கண்டதும் மயிலை கயிறு தெறிக்கத் துள்ளியது. எங்கள் பக்கம் காளைக்குக் குத்துப் பழக்குவதென்றால் வைக்கோல் பொம்மைக்குச் சட்டை மாட்டி முன்னால் நிறுத்துவது வழக்கம். அந்தப் பழக்கத்தில் அண்ணன் தன் சட்டையைக் கழற்றி வண்டிக்கு மேல் கட்டிவிட்டார். குத்தக் கற்றுக்கொடுத்த மாட்டுக்கு முன்னால் போய் அதே பொம்மையை வைத்தால் அது என்ன செய்யும்? சட்டை கொம்பில் தொங்கியது, வண்டி வைக்கோல் படப்பில் போய் விழுந்தது.

"யப்பா," என்று ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஒங்க சட்ட வேணாம். இதக் கட்டுங்க."

அவன் உடம்பில் கிடந்த சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பி வழியாக நீட்டினான். நீலக் கட்டம் போட்டது, வேர்வையில் நனைந்திருந்தது. கட்டி, தரையில் வைத்துவிட்டு விலகினோம். அவன் வண்டியை நகர்த்தவில்லை. முன்சக்கரத்தை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினான். மயிலை தலையைத் தாழ்த்தி வந்தது. மூக்கை வைத்தது. நெடுநேரம் மோந்தது. பிறகு நாக்கைச் சுழற்றிச் சட்டைக் காலரை நக்கியது.

"அவுத்து விடுங்கப்பா."

"டேய், வேணாண்டா."

"அவுத்து விடுங்க."

வண்டி நகர்ந்தது. அதன் பின்னால் மயிலை நடந்தது. களத்தை ஒரு சுற்று, படப்பை ஒரு சுற்று, திரும்பவும் புங்கமரம். மதினி அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து பார்த்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். கட்டிலில் கிடந்தவன் சிரித்த சிரிப்பு எங்கள் வீடு வரைக்கும் கேட்டது. அடிபட்ட நாளிலிருந்து அந்த வீட்டில் கேட்காத சத்தம் அது.

அப்புறம் தினமும் காலையும் மாலையும் நடை. கிளம்புவதற்கு முன் முன்சக்கரத்தை ஆட்டுவான், மயிலை எழுந்து நிற்கும். வெறுமனே ஊர்சுற்றுகிற ஆட்களெல்லாம் வேலியோரம் நின்று பார்த்தார்கள். "மாப்ள, மாட்டுக்கு டிரைவிங் ஸ்கூல் வச்சுட்டியா?" என்பார்கள். "லைசன்ஸ் எடுத்துட்டுத்தான் வாடிக்கு வரும் மாப்ள," என்பான் இவன். முட்டி வீக்கம் வற்றியது. தையில் அவிழ்த்துவிடலாம் என்று பேச்சு வந்தது. அவனே சாப்பாட்டைக் கேட்டு வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தான், கருவாட்டுக் குழம்பென்றால் இரண்டு தரம்.

இடையில் மதினி ஒரு காரியம் செய்தாள். அவள் கை சும்மா இருக்காது, அழுக்கென்று ஒன்றைக் கண்டால் சோப்பைத் தேடும். மண்ணும் எச்சிலும் அப்பிக் கிடந்த சட்டையை வெளுத்து, நீலம் போட்டுக் காயவைத்துவிட்டாள். அன்றைக்கு மயிலை வண்டியை மோந்துவிட்டு ஒரு எத்து விட்டது பாருங்கள். அதிலிருந்து வீட்டில் ஒரு சட்டம் வந்தது. ராத்திரி முழுக்க அந்தச் சட்டையை அவன் போட்டுக்கொண்டு படுப்பான், விடிந்ததும் வண்டி போட்டுக்கொள்ளும். துவைக்கிற பேச்சே கூடாது. மதினி மூக்கைச் சுளித்துக்கொண்டு, "மாடும் மகனும் சேந்து என்னய மூதேவி ஆக்கிட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே திரிந்தாள். அவள் முகத்தில் அம்புட்டுச் சந்தோஷம்.

கார்த்திகை அடைமழையில் எல்லாம் போனது. படுக்கைப்புண் உள்ளுக்குள் அழுகி, காய்ச்சல் கண்டு, செல்வத்தை மதுரைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மாசம் முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்தான். இங்கே மயிலை நடையில்லாமல் சேற்றில் நின்றது. அண்ணன் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்தார். மாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் தானே அவிழ்த்து நடத்தப் போனார். அது ஒரே தள்ளுதான் தள்ளியது, தோள் எலும்பு முறிந்து கையில் கட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

மார்கழி பிறந்து செல்வம் திரும்பி வந்தான். பாதி ஆளாகத்தான் வந்தான். உடம்பெல்லாம் மருந்துப் பூச்சு, டெட்டால், கட்டு. வந்ததும் முதல் வேலையாக அந்த நீலக் கட்டச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். இரண்டு ராத்திரி அதோடு படுத்தான். மூன்றாம் நாள் காலையில் பனி விலகியதும், நான் சட்டையை வண்டியில் கட்டிக் களத்தில் வைத்தேன்.

முன்சக்கரம் ஆடியது. மயிலை எழுந்து வந்தது, வேகமாகத்தான் வந்தது. மூக்கை வைத்தது. வைத்த மூக்கை வெடுக்கென்று எடுத்தது. மறுபடி மோந்து பார்த்தது. புஸ்ஸென்று ஒரு சீறல், கொம்பைக் கொடுத்து வண்டியைத் தூக்கி அடித்தது. விழுந்ததை மறுபடி குத்தியது. சக்கரம் ஒன்று கழன்று உருண்டு போனது. நான் வேலியைத் தாண்டி விழுந்து தப்பித்தேன்.

உள்ளே போனேன். ரிமோட் செல்வத்தின் நெஞ்சு மேல் கிடந்தது.

"அதுக்கு என்னத் தெரியல சித்தப்பா."

"மருந்து வாடைடா. நாலு நாள் போகட்டும்..."

"இனிமே மருந்து இல்லாம நான் ஏது? நானே என் கைய மோந்து பாத்தேன் சித்தப்பா. எனக்கே என்னத் தெரியல."

அவன் சுவரைப் பார்த்துத் தலையைத் திருப்பிக்கொண்டு, தன் அப்பாவைக் கூப்பிட்டான்.

"சோழவந்தான் நல்லகாமன் மாமா ரெண்டு தடவ கேட்டாருல்லப்பா? வரச் சொல்லுங்க. அவரு நல்லா வச்சுக்குருவாரு. தையில வாடிக்கு அனுப்புவாரு. இங்க இருந்தா அது கட்டுத்தறியிலயே செத்துரும்."

"ஒன்னைய விட்டுட்டு அது எங்கிட்டுப்பா போகும்?" என்றார் அண்ணன். ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.

நல்லகாமன் வெற்றிலைக் கொடிக்கால்காரர், தலைமுறையாகக் காளை வளர்க்கிற குடும்பம், நல்ல மனுசன். பொங்கலுக்கு முன்பே வந்தார், கூட ஆட்களைக் கூட்டிக்கொண்டு. சரக்கு வண்டி என்னுடையதுதான். அந்தக் களத்தில் என் வண்டியைப் பின்பக்கமாகத் திருப்பி நிறுத்தி, பலகை சாய்த்தேன். செய்யாதே என்று மனசு சொன்னது, அடுத்தவன் வண்டியில் அது போவதை அதைவிடப் பொறுக்க முடியாது.

மயிலை ஏறவில்லை. நாலு பக்கமும் கயிறு போட்டு இழுத்தார்கள். ஒருத்தனுக்குத் தொடையில் கொம்பு உரசியது. மூக்கணாங்கயிறு இழுபட்டு மூக்கில் ரத்தம் வந்துவிட்டது. அது முன்காலை ஊன்றிக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக் கத்தியது.

"இழுக்காதீங்க! மாமா, இழுக்காதீங்க மாமா!" என்று உள்ளிருந்து செல்வம் கத்தினான். "சித்தப்பா, காரு சரியாயிருச்சா?"

சரியாகியிருந்தது. மதுவந்தியிடம் கொண்டுபோய் அச்சும் சக்கரமும் மாற்றி வந்து என் சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். ஆனால் வண்டி இருந்து என்ன? கட்டுவதற்குச் சட்டை எங்கே?

மதினி உள்ளே போனாள். டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. வாய் கட்டிய பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்தாள். உள்ளே பழைய காக்கிச் சட்டை ஒன்று.

"இவன் அடிபட்ட அன்னைக்குக் காலையில மாத்திப் போட்டுட்டுப் போன சட்ட," என்றாள். "மயிலையக் குளுப்பாட்டிட்டு வந்து கழட்டுனது. தொவைக்க எடுத்தேன், அதுக்குள்ள போன் வந்துருச்சு. அப்புறம் தொவைக்க மனசு வரல. யாரும் இல்லாதப்ப எடுத்து மோந்து பாத்துக்குவேன் தம்பி. நடந்து திரிஞ்ச எம்புள்ள இதுலதான் இருக்கான்."

வெள்ளாவி வைக்காத குறையாக எல்லாவற்றையும் வெளுக்கிற பொம்பளை! பையின் கட்டை அவிழ்த்து, கடைசியாக முகத்தைச் சட்டையில் புதைத்து எடுத்து, என் கையில் கொடுத்தாள்.

"அதுக்காச்சும் ஆகட்டும். கட்டு."

கட்டினேன். முதல் முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடி கட்டினேன். ஆட்களை விலகச் சொன்னார் நல்லகாமன். அண்ணன் நல்ல கையைக் கொடுக்க, மதினி செல்வத்தைத் தூக்கித் தலையணையில் சாய்த்து உட்காரவைத்தாள். முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

மயிலை ரத்தம் ஒழுகுகிற மூக்கைத் தாழ்த்திச் சட்டையில் வைத்தது. வைத்தது வைத்தபடி நின்றது. அப்புறம் கன்றுக்குட்டியில் கத்துமே, அப்படி அடித்தொண்டையில் மெல்ல ஒரு சத்தம் கொடுத்தது.

வண்டி பைய நகர்ந்தது. பலகையை நோக்கித் திரும்பியது. பாறை ஏறச் செய்த வண்டியல்லவா, பலகையில் வழுக்காமல் ஏறியது. பின்னாலேயே மயிலை, கயிற்றைத் தரையில் இழுத்துக்கொண்டு, ஒரு கால், மறு கால் என்று ஏறி உள்ளே போய் நின்றது. தன் மாட்டைத் தானே வண்டியேற்றிவிட்டான் செல்வம். நான் பின்கதவைச் சாத்திக் கொக்கியைப் போட்டேன்.

"காரு?" என்று ஜன்னலைப் பார்த்துக் கேட்டேன்.

"போகட்டும் சித்தப்பா. புது எடம், அதுக்குப் பயமா இருக்கும்." ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். கன்னமெல்லாம் நனைந்திருந்தது, துடைக்கவில்லை. "பைய ஓட்டுங்க."

பைய ஓட்டினேன். நல்லகாமன் முன்னால் பைக்கில் போய்க்கொண்டு, வெரசா வாய்யா என்று கையைக் காட்டினார். காட்டட்டும். முதல் கியரிலேயே உருட்டினேன். என் முதுகுக்குப் பின்னால் சின்னக் கண்ணாடி ஒன்று உண்டு, அதில் உள்ளே தெரியும். மயிலையின் முன்னங்கால்களுக்கு நடுவில் கறுப்பு வண்டி நின்றது. அதன் முன்சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது. வா, வா என்று அவன் அங்கே கட்டிலிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். மயிலை குனிந்து சட்டையை நக்கிக்கொண்டே வந்தது.

ரேஷன் கடை வந்தது. சக்கரம் ஆடியது. கடையையும் தாண்டினேன், இன்னும் ஆடியது. அந்தப் பொண்ணு சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான் எட்டியது. ரோடு திரும்புகிற இடத்தில் சக்கரம் நேராகி நின்றுவிட்டது.

மயிலை தலையைத் தூக்கியது. நாலு பக்கமும் பார்த்தது. பிறகு ஒரு கத்து கத்தியது, அது வீடு வரைக்கும் நிச்சயம் கேட்டிருக்கும். நல்லகாமன் திரும்பிப் பார்த்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரை மாற்றினேன்.